ஷூ புதுசு, பிரேக் பழசு

"போன மாசம்தாண்ணே ஷூ மாத்துனேன். மறுபடியும் பின் பிரேக் நிக்க மாட்டேங்குது." தஞ்சாவூர், பாபநாசம், ஒரத்தநாடு, மன்னார்குடி என்று டெல்டாவின் எந்த ஊர்ப் பட்டறைக்கும் மழைக்காலத்தில் இந்தக் குறை வந்து சேரும். பட்டறைக்காரர் குனிந்து, பின் சக்கரத்தின் ஓரமுள்ள நட்டை இரண்டு சுற்று முறுக்குவார். மிதித்துப் பார்த்தால் பிரேக் வந்துவிட்டது போலிருக்கும். சில நாள் கழித்து அதே வண்டி, அதே குறை. நட்டில் இனி முறுக்க மரை இல்லை என்றானதும் புது ஷூ ஏறும். அதுவும் சில வாரம்தான்.

ஷூ தேயும் பொருள்தான். ஆனால் ஒழுங்காக வேலை செய்யும் பிரேக்கில் அது பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும். வாரக் கணக்கில் பிரேக் திரும்பத் திரும்பப் போனால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. காலின் அழுத்தம் டிரம்முக்குப் போய்ச் சேரும் வழியில் ஏதோ ஓர் இடத்தில் விசை வீணாகிறது. அந்த இடம் எது என்று கண்டுபிடிக்க, வழி முழுவதையும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

காலிலிருந்து டிரம் வரை

டிரம் பிரேக்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் என்று பிரான்சின் லூயி ரெனோவைச் சொல்வார்கள். ஆண்டு 1902. நூற்றிருபது ஆண்டுகளில் பொருள்கள் மாறியிருக்கின்றன, அமைப்பு பெரிதாக மாறவில்லை. பெடலை மிதித்தால் ஒரு நீளமான ராடு முன்னோக்கி இழுக்கப்படுகிறது. ராடு கேம் லிவரைத் திருப்புகிறது. லிவரோடு சேர்ந்து சக்கரத்துக்குள் இருக்கும் தட்டையான கேம் திரும்பி, பிறைவடிவ ஷூக்கள் இரண்டையும் விரிக்கிறது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங், சுழலும் டிரம்மின் உட்சுவரில் உரசுகிறது. வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. காலை எடுத்ததும் இரண்டு ஸ்பிரிங்குகள் ஷூக்களைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்கின்றன.

இரண்டு ஷூவும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. ஒன்றை டிரம்மின் சுழற்சி தன்னோடு இழுத்துக்கொண்டு போய் மேலும் இறுக்குகிறது. திறந்த கதவுக்கு அடியில் வைத்த ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுவது போல. இது லீடிங் ஷூ. இன்னொன்றைச் சுழற்சி விலக்கித் தள்ளுகிறது. அது டிரெய்லிங் ஷூ. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு லீடிங் ஷூவினுடையது. தேய்வதும் அதுதான் அதிகம்.

இந்தத் தானே இறுகும் குணம் டிரம் பிரேக்கின் பலம், பலவீனம் இரண்டும். லைனிங்கின் உராய்வு கொஞ்சம் குறைந்தால் இறுக்கமும் சேர்ந்து குறைகிறது. அதனால் நிறுத்தும் திறன், உராய்வு குறைந்த விகிதத்தைவிட அதிகமாக விழுகிறது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். இரவெல்லாம் ஈரத்தில் நின்ற வண்டியின் டிரம்மில் மெல்லிய துரு படிந்து உராய்வு சற்றே கூடினால், காலையில் முதல் மிதிக்கே பிரேக் வெடுக்கென்று கடிக்கிறது. இரண்டு மூன்று முறை பிடித்ததும் துரு உரசிப் போய்விடும், கடியும் நின்றுவிடும். அதற்காகப் பட்டறைக்குப் போகத் தேவையில்லை.

இன்னொரு கணக்கையும் மனதில் வைக்கலாம். 100 சிசி வண்டிகளில் பலவற்றின் டிரம் விட்டம் 130 மில்லிமீட்டர். சக்கரமோ டயரோடு சேர்த்து ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். தரையில் டயர் 1 கிலோ விசையில் வண்டியைப் பின்னிழுக்க வேண்டுமென்றால், டிரம்மில் லைனிங் 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவான விசையில் உரச வேண்டும். வழியில் விசை கொஞ்சம் தொலைந்தாலும் அது சாலையில் தெரிவது இதனால்தான்.

சமதளத்தில் சுமை

மலையில் பிரேக் சூட்டில் சாகும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில், ஆளோடு சேர்த்து 180 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 17.6 லட்சம் ஜூல் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். அதே வண்டியை 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்த 17,000 ஜூலுக்குச் சற்று அதிகம் போதும். அதாவது மலையிறக்கம் நூறு தடவை நிறுத்துவதற்குச் சமம்.

டெல்டாவில் அந்தப் பேச்சே இல்லை. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரை வரை நிலம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் சரிகிறது. 17,000 ஜூல் முழுவதும் 1 கிலோ வார்ப்பிரும்புக்குள் போனாலும் அதன் வெப்பநிலை 40 டிகிரி அளவுக்குக்கூட உயராது. ஆகவே இங்கே பிரேக் சூடாகிறது என்றால் அது நிறுத்தியதால் வந்த சூடாக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

இங்கே பிரேக்கைச் சோதிப்பது சுமை. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த நாள் முதல் மொபெட் இந்த வட்டாரத்தின் சுமைவண்டியாகிவிட்டது. உர மூட்டை, நாற்றுக்கட்டு, புல்லுக்கட்டு, பால் கேன், நெல் மூட்டை எல்லாம் அதில்தான் போகின்றன. 2015இல் வந்த எக்ஸ்எல் 100 வண்டியின் டிரம் விட்டம் 110 மில்லிமீட்டர்தான்.

பொதுவாகப் பின் பிரேக்கைத் துணை பிரேக் என்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குச் சாய்கிறது. நாம் எடுத்துக்கொண்ட 180 கிலோவில் நிற்கும்போது பின்சக்கரத்தின் மேல் 99 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு வேகத்தைக் குறைத்தால், சுமார் 43 கிலோ முன்னால் போய்விடும். பின்சக்கரத்தில் மிஞ்சுவது 56. பின்னிருக்கையில் 40 கிலோ மூட்டைகள் இரண்டு ஏறினால் கதை மாறுகிறது. அதே மாதிரி பிரேக் பிடித்தாலும் பின்சக்கரத்தின் மேல் 107 கிலோ வரை நிற்கும். தரையைப் பற்றும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைப் பயன்படுத்திக்கொள்ள டிரம்மிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு உராய்வு வேண்டும். மிதிக்கும் கால் என்னவோ அதேதான். ஆள் மட்டும் போகும்போது தெரியாத குறை, கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போகும்போது தெரிவதன் காரணம் இது.

நட்டு மறைக்கும் குறை

ஒரு லிவரைச் செங்குத்தாக, 90 டிகிரியில் இழுத்தால்தான் முழு விசையும் திருப்பலாக மாறும். ராடுக்கும் கேம் லிவருக்கும் இடையிலான கோணத்துக்கும் இதுவே விதி. பிரேக் நன்றாகப் பிடித்திருக்கும் நிலையில் அந்தக் கோணம் 90 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். கோணம் 120 ஆனால் விசையில் 87 சதவீதம்தான் பயன்படும். 135 ஆனால் 71 சதவீதம். 150 ஆனால் பாதி போச்சு.

லைனிங் தேயத் தேய, அதே இடைவெளியை அடைக்கக் கேம் கூடுதலாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. நட்டை முறுக்கும்போது பெடலின் ஆட்டம் குறைகிறது. ஆனால் கேம் லிவர் ஒவ்வொரு முறையும் இன்னும் முன்னோக்கிச் சாய்ந்துகொண்டே போகிறது. பெடல் உயரத்தில் இருப்பதால் பிரேக் இருப்பதாகத் தோன்றும். விசை மட்டும் குறைந்துகொண்டே வரும். அளவு கடந்து திரும்பிய கேம், சில சமயம் திரும்பி வராமல் ஷூக்களுக்கு நடுவில் குறுக்கே நின்றுவிடுவதும் உண்டு. அப்போது சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இதைக் காட்டிக்கொடுக்கத்தான் பிரேக் பிளேட்டில் ஒரு குறியும், கேமோடு சேர்ந்து நகரும் ஒரு முள்ளும் வைத்திருக்கிறார்கள். பெடலை முழுதும் மிதித்த நிலையில் முள் குறியைத் தொட்டால் லைனிங்கின் ஆயுள் முடிந்தது. சேறு மூடியிருப்பதால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. லிவரைக் கழற்றி, கேம் தண்டில் ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். கோணம் சரியாகிவிடும், பிரேக்கும் வரும். ஆனால் முள் பொய் சொல்லும். லைனிங் தீர்ந்து உலோகம் உலோகத்தில் உரசும் வரை யாருக்கும் தெரியாது. தண்டிலும் லிவரிலும் உள்ள புள்ளிக் குறிகள் நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று பார்த்தால் இந்தக் கைவேலை வெளிப்பட்டுவிடும்.

புது ஷூ போட்டும் லிவர் சாய்ந்தே நிற்கிறதென்றால், கேமின் முகத்தையும் ஷூவின் முனையையும் பார்க்க வேண்டும். வருடக் கணக்கில் உரசி அங்கே பள்ளம் விழுந்திருக்கும். சில இடங்களில் ஷூ முனையில் சிறு தகட்டைச் செருகி இதைச் சமாளிப்பார்கள். தகடு நழுவினால் சக்கரத்துக்குள் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கேமை மாற்றுவதுதான் வழி.

பிடித்துக்கொள்ளும் பிரேக்

கேமின் தண்டு பிரேக் பிளேட்டில் ஒரு துளைக்குள் திரும்புகிறது. அங்கே கொஞ்சம் கிரீஸ் இருக்க வேண்டும். சேற்றுத் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் போய்த் துரு வரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் அது இன்னும் வேகமாக நடக்கும். கால் பலமானது, துருப்பிடித்த தண்டையும் திருப்பிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டிய ஸ்பிரிங்குக்கு அந்தப் பலம் இல்லை. பெடலின் குறுக்குத் தண்டு துருப்பிடித்தாலும் இதே கதைதான். காலை எடுத்த பிறகும் ஷூ டிரம்மை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்கும். "பிரேக் பிடிச்சுக்குது" என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

லேசான உரசல்தானே என்று விட முடியாது. சாலையில் 2 கிலோ அளவுக்கு மட்டும் அது வண்டியைப் பின்னிழுப்பதாகக் கொண்டால், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் கிட்டத்தட்ட 200 வாட் வெப்பம் ஓயாமல் டிரம்முக்குள் இறங்கும். அரை மணி நேர ஓட்டத்தில் அது இருபது தடவை முழுதாக நிறுத்தியதற்குச் சமம். சமதளத்தில் சூடாகும் ஹப்பின் ரகசியம் இங்கே இருக்கிறது. அந்தச் சூட்டில் பேரிங்கின் கிரீஸ் இளகி, தேய்ந்த ஆயில் சீலைத் தாண்டி டிரம்முக்குள் கசியும். லைனிங்கில் கிரீஸ் பட்டால் பிரேக் போய்விடும். உடனே புது ஷூ. தண்டின் துரு அப்படியே இருக்கிறது, சீலும் அப்படியே இருக்கிறது. அடுத்த மாதம் அதே வட்டம்.

கிரீஸ் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாளில் தேய்த்துப் போடுவது தற்காலிகம். துளைகளுக்குள் போன எண்ணெய் அடுத்த சூட்டில் வெளியே வரும். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் ஷூவை மாற்றுவது சரி. ஆனால் சீலையும் தண்டையும் பார்த்த பிறகு.

செயினிலிருந்தும் இந்தத் தொல்லை வரலாம். தொய்ந்த செயினை இறுக்கப் பின்சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்துகிறோம். அதோடு கேம் லிவரும் பின்னால் போகிறது. ராடின் நீளம் மாறவில்லை, ஆகவே பிரேக் தானாக இறுகிவிடும். செயினை இறுக்கியவர் பிரேக் நட்டை அதே கையோடு தளர்த்தாவிட்டால், நன்றாக இருந்த பிரேக் அன்றிலிருந்து பிடித்துக்கொள்ளும். சுமை ஏறும்போது பின் ஃபோர்க் மேலே எழுவதாலும் ராடின் இழுவை சற்று மாறும். மூட்டை ஏற்றும் வண்டிக்கு, மூட்டை ஏற்றிய நிலையிலும் சக்கரம் தடையில்லாமல் சுழல்கிறதா என்று பார்ப்பது நல்லது. பெடலின் நுனி பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை சும்மா இறங்கிய பிறகுதான் ஷூ தொட வேண்டும்.

டிரம்மும் அச்சும்

பழைய டிரம்மில் புது ஷூ போட்டதும் பிரேக் முன்பைவிட மோசமாகிவிட்டது என்ற புகார் பொய்யல்ல. டிரம்மின் உட்சுவர் தேய்ந்து விட்டம் கூடியிருக்கும். புது லைனிங்கின் வளைவோ புது டிரம்முக்காகச் செய்தது. இரண்டும் பொருந்தாமல் லைனிங்கின் நடுப்பகுதி மட்டும் தொடும். சாக்பீஸை எடுத்து லைனிங் முழுவதும் பூசி, சக்கரத்தை மாட்டி, சுற்றவிட்டு ஒருமுறை பிடித்துக் கழற்றிப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்று வெள்ளையே காட்டிவிடும். ஓரளவு பொருந்தினால் சில நூறு கிலோமீட்டரில் தானே படிந்துவிடும். அதுவரை முழுப் பிரேக்கை எதிர்பார்க்கக் கூடாது.

மிதிக்கும்போது காலுக்கடியில் பெடல் துடித்தால் டிரம் வட்டமாக இல்லை. சுமையோடு பள்ளத்தில் விழுந்ததாலோ, ஸ்போக்குகள் ஒரு பக்கம் தளர்ந்து ஒரு பக்கம் இறுகியதாலோ அது கோணியிருக்கும். லேத்தில் கடையலாம், ஆனால் எல்லை உண்டு. 130 மில்லிமீட்டர் டிரம் பெரும்பாலும் 131 வரைதான் போகலாம். அந்த எல்லை ஹப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்போக்கைச் சரிசெய்யாமல் டிரம்மை மட்டும் கடைந்தால், பிறகு ஸ்போக்கை இறுக்கும்போது மறுபடி கோணும்.

கருவியே தேவைப்படாத ஒரு வேலை பல பட்டறைகளில் விட்டுப்போகிறது. பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தை மாட்டும்போது, அச்சின் நட்டை முடுக்குவதற்கு முன் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது ஷூக்கள் விரிந்து பிரேக் பிளேட்டை டிரம்மின் மையத்துக்குக் கொண்டுவரும். பெடலை விடாமல் நட்டை முடுக்கினால் மையம் நிலைக்கும். இல்லையென்றால் ஒரு ஷூ முன்னதாகவும் மற்றது பிந்தியும் தொடும், சத்தமும் வரும். பிரேக் பிளேட் சுற்றிவிடாமல் பிடித்து நிற்கும் டார்க் ராடின் போல்ட்டுகளையும் அப்போதே பார்த்துவிடலாம். அது கழன்றால் போவது பிரேக் மட்டுமல்ல, பிளேட்டே சுழன்று ராடை முறித்துச் சக்கரத்தைப் பூட்டிவிடும்.

சேறு, தண்ணீர், வைக்கோல்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. சம்பா, தாளடி வேலைகள் நடக்கும் மாதங்களும் அவைதான். வெண்ணாற்றங்கரை, குடமுருட்டிக் கரை, கல்லணைக் கால்வாய்க் கரை என்று வண்டிகள் மண்பாதையில் ஓடும் காலம். டிரம்முக்கும் பிரேக் பிளேட்டுக்கும் நடுவே தண்ணீரைத் தடுக்க வளைவான ஒரு பள்ளம் இருக்கிறது. மழைத்துளியை அது தடுக்கும். அச்சு முங்கும் தண்ணீரில் ஓட்டினால் தடுக்காது. உள்ளே போன தண்ணீர் லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவில் படலமாக நின்று உராய்வைக் குறைக்கிறது. தண்ணீரைக் கடந்ததும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பெடலை லேசாகச் சிறிது தூரம் மிதித்திருந்தால் சூட்டில் அது உலரும். வண்டல் மண் அப்படிப் போகாது. தண்ணீர் உலர்ந்த பிறகும் உள்ளேயே தங்கி, லைனிங்கையும் டிரம்மையும் சேர்த்து அரைக்கும். சேற்றுப் பாதையில் ஓடும் வண்டிக்கு மழைக்காலம் முடிந்ததும் பின்சக்கரத்தைக் கழற்றித் துடைப்பது புது ஷூவைவிடப் பயன் தரும்.

வாட்டர் சர்வீஸில் ஹப்பை நோக்கி அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரும், கழுவிய பின் அடிப்பாகத்தில் டீசல் தெளிக்கும் வழக்கமும் பிரேக்குக்குப் பகை. செயினுக்கு ஊற்றிய எண்ணெய் சிதறி ஹப்புக்குப் போவதும் அப்படியே.

அறுவடை மாதங்களில் சாலையே மாறிவிடுகிறது. தார்ச்சாலையில் நெல் காய்கிறது, வைக்கோல் கிடக்கிறது. டயருக்கும் தாருக்கும் நடுவில் உருளும் நெல்மணிகள் மேல் எந்தப் பிரேக்கும் பெரிதாக உதவாது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் பக்கவாட்டுப் பிடிப்பும் போய்விடும். வால் ஒதுங்கி வண்டி சாயும். அதனால் தொட்டதும் கடிக்கும் பிரேக் இந்த ஊருக்கு நல்ல பிரேக் அல்ல. மிதித்த அளவுக்குப் பிடிப்பதுதான் நல்லது. நல்ல கேமும் சுத்தமான லைனிங்கும் வட்டமான டிரம்மும் தருவது இந்த அளவான பிடிப்பைத்தான்.

ஒரு பெடல், இரண்டு சக்கரம்

2018 ஏப்ரல் 1 முதல் புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் 1 முதல் எல்லா மாடல்களுக்கும் ஒரு விதி வந்தது. 125 சிசி வரை உள்ள வண்டிகளுக்குக் கூட்டுப் பிரேக் அமைப்பு, அதற்கு மேலே ஏபிஎஸ். கூட்டு அமைப்பில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்குக்கும் ஒரு பங்கு கேபிள் வழியாகப் போகும். இந்த வண்டிகளில் பின்பக்க நட்டை மட்டும் மனம்போல முறுக்கினால் பங்கீடு குலையும். கேபிள் உறைக்குள் துரு ஏறினால், பின் பிரேக்கின் குறை என்று நினைத்தது முன்பக்கத்தில் இருக்கலாம்.

பின்பக்கம் டிஸ்க் உள்ள வண்டிகளின் தொல்லை வேறு. பெடல் பஞ்சாக இறங்கினால் பைப்பில் காற்று. டிஸ்க் சூடாகிப் பிடித்துக்கொண்டால் காலிப்பரின் நகரும் பின்கள் காய்ந்திருக்கலாம், அல்லது பெடலுக்கு ஆட்டமே விடாமல் வைத்திருக்கலாம். ஆட்டம் இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துளை அடைபட்டே கிடக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. அது பேடை மேலும் அழுத்தும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் சேர்ந்த பின் 155 டிகிரி வரை இறங்கலாம். இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

எந்த வரிசையில் பார்ப்பது

பெடலிலிருந்து தொடங்க வேண்டும். பெடல் தண்டு இலகுவாகத் திரும்புகிறதா, ஆட்டம் சரியா, மிதித்த நிலையில் ராடுக்கும் லிவருக்கும் கோணம் என்ன, முள் எங்கே நிற்கிறது. இதற்கெல்லாம் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றி, உரசல் உண்டா, ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் உரசுகிறதா என்று கேட்க வேண்டும். அதன் பிறகுதான் சக்கரம் கழல வேண்டும்: கேம், தண்டு, சீல், டிரம், கடைசியாக லைனிங். லைனிங் 2 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தாலோ, எண்ணெய் குடித்திருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ மாற்றலாம். டிரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதக் கூடாது, காற்றுக் குழாயாலும் அடிக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

இந்த வரிசை எந்த நல்ல பட்டறைக்காரருக்கும் தெரியாததல்ல. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962இல் தொடங்கிய நாளிலிருந்து பிரேக் செய்யும் கலை தமிழ்நாட்டுக்குப் பழக்கமானது. அதைப் பிரித்துக் கோர்க்கும் கைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. சிக்கல் கூலியில் இருக்கிறது. ஷூ மாற்றினால் பொருளுக்கு விலை உண்டு, பில் போடலாம். அரை மணி நேரம் உட்கார்ந்து தண்டின் துருவை எடுத்து, கிரீஸ் வைத்து, கோணம் பார்த்து முடுக்கினால் காட்டுவதற்குப் புதுச் சாமான் எதுவும் இல்லை. "என்னத்த மாத்துன, இவ்வளவு கேக்குற?" என்று வண்டிக்காரர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பல பட்டறைகளில் ஷூ மாறுகிறது. அடுத்த முறை வண்டியை விடும்போது, "தம்பி, ஷூவை அப்புறம் பாத்துக்கலாம். கேமைக் கழட்டிப் பாரு, அதுக்கு உண்டான கூலியை வாங்கிக்க" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு ஷூவின் விலைக்குள் அந்தக் கூலி அடங்கிவிடும்.